நேரில் கண்டவர் சொன்னால் போதுமா? புரோகோரோவ்கா டாங்கிப் போரும் அதன் சாட்சிகளும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: இரண்டாம் உலகப் போரில், 1943 ஜூலையில், ரஷ்யாவின் கூர்ஸ்க் போரின்போது புரோகோரோவ்காவில் நடந்த டாங்கிச் சமரைப் பற்றி, அங்கே சோவியத் டாங்கிப் படையை நடத்திய தளபதியே எழுதி வைத்த நினைவுகள் ஒன்றைச் சொல்கின்றன; ஆவணக் காப்பகங்களில் தேடிய பிற்கால ஆய்வாளர்கள் ஏறத்தாழ அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள். அப்படியானால் போரில் இருந்தவர்கள் பொய் சொல்கிறார்களா? போர் வரலாற்றை எழுத நேரடிச் சாட்சியங்கள் உதவுமா, உதவாதா?

பெரும்பாலானவர்கள் பொய் சொல்வதில்லை என்பதே என் எண்ணம். ஆனால் ஒரு படைவீரரிடம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டு, அவர் சொன்ன பதில் தவறு என்று பிறகு குறை கூறுவது நம்மிடம் உள்ள பழக்கம். எத்தனை டாங்கிகள் மோதின, எதிரி எத்தனையை இழந்தான், யார் வென்றார் என்பவை களத்தில் நின்றவருக்குத் தெரியாதவை. தன் கண்முன் இருந்த இருநூறு மீட்டரில் என்ன நடந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்தது. புரோகோரோவ்கா இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவதால் அதையே விரிவாகப் பார்ப்போம்.

1943 ஜூலை 5 அன்று ஜெர்மானியப் படை கூர்ஸ்க் நகரைச் சுற்றி ஜெர்மானியப் பக்கம் துருத்தி நின்ற சோவியத் முனைப்பின் மீது வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஒரே நேரத்தில் தாக்குதல் தொடுத்தது. தெற்கில் ஜெர்மானியத் தளபதி மான்ஸ்டைனின் தலைமையின்கீழ் ஹோத்தின் நான்காம் பான்சர் (டாங்கி) படை முன்னேறியது. அதன் கூர்முனையாக இருந்தது நாஜிக் கட்சியின் ஆயுத அமைப்பான எஸ்.எஸ்.-இன் இரண்டாம் பான்சர் கோர். லைப்ஷ்டான்டார்ட், டாஸ் ரைக், டோட்டன்கோப் என்ற மூன்று டிவிஷன்கள் அதில் இருந்தன. ஒரு வாரச் சண்டைக்குப் பின் இந்தக் கோர் புரோகோரோவ்கா ரயில் நிலையத்தை நெருங்கியபோது, பின்னணியில் காத்திருந்த ஐந்தாம் காவலர் டாங்கிப் படையை, ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் அதன் சொந்தச் சங்கிலிச் சக்கரங்களிலேயே ஓட்டி வரச் செய்து, சோவியத் தலைமை களத்தில் இறக்கியது. அதன் தளபதி பாவெல் ரோட்மிஸ்த்ரோவ். ஜூலை 12 காலை எட்டரை மணியளவில் வானொலியில் ‘எஃகு, எஃகு, எஃகு’ என்ற குறிச்சொல் ஒலித்தது. அதன் 18, 29 ஆம் டாங்கிக் கோர்கள் ப்சியோல் ஆற்றுக்கும் ரயில் பாதை மேட்டுக்கும் இடைப்பட்ட குறுகிய வெளியில் முழு வேகத்தில் பாய்ந்தன.

இதற்குப் பின் நடந்ததாக ரோட்மிஸ்த்ரோவ் சொன்ன கதைதான் அரை நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் பாடப்புத்தகமாக இருந்தது. இருபுறமும் சேர்த்து 1,200 என்றும் 1,500 என்றும் டாங்கிகள் நேருக்கு நேர் மோதின; ஜெர்மானியரிடம் டைகர் என்ற கனரக டாங்கிகள் ஏராளமாக இருந்தன; அவற்றின் நீண்ட வீச்சுப் பீரங்கிகளின் அனுகூலத்தைப் பறிக்கவே சோவியத் டாங்கிகள் நெருங்கிச் சென்று கலந்தன; எஃகோடு எஃகு முட்டியது; அந்த ஒரே நாளில் எதிரி 350 முதல் 400 டாங்கிகள் வரை இழந்தான்; ஜெர்மானிய டாங்கிப் படையின் முதுகெலும்பு அங்கே முறிந்தது. இது ஒதுங்கி நின்ற யாரோ கட்டிய கதை அன்று. தாக்குதலுக்கு ஆணையிட்டவர், களத்தைத் தன் பார்வை நிலையிலிருந்து கண்டவர் எழுதியது. நேரடிச் சாட்சி என்றால் இதைவிட நேரடியாக வேறு என்ன வேண்டும்?

ஆனால் எஸ்.எஸ். கோரின் அன்றாட வலிமை அறிக்கைகள் அழியாமல் கிடைத்திருக்கின்றன. ஜூலை 11 மாலையில் அந்தக் கோரில் ஓடும் நிலையில் இருந்த டாங்கிகளும் தாக்குதல் பீரங்கி வண்டிகளும் மூன்று டிவிஷன்களையும் கூட்டினாலும் முந்நூறைத் தொடவில்லை. டைகர்கள் மொத்தம் பதினைந்து. அவற்றில் சோவியத் தாக்குதலின் முழு வேகத்தையும் எதிர்கொண்ட லைப்ஷ்டான்டார்ட் டிவிஷனிடம் இருந்தவை நான்கு. அந்த டிவிஷனின் டாங்கிகளும் தாக்குதல் பீரங்கிகளும் சேர்ந்தே எழுபதைச் சுற்றித்தான். சோவியத் தரப்பிலோ அன்று பல முனைகளிலும் இறங்கியவை அறுநூறுக்கும் மேல். ஐந்தாம் காவலர் டாங்கிப் படையின் சொந்தக் கணக்கே அந்தச் சில நாள்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட டாங்கிகளும் தானியங்கிப் பீரங்கிகளும் மீட்க முடியாதபடி அழிந்ததாகச் சொல்கிறது. அவற்றில் பெரும்பகுதி அந்த ஒரே நாளின் இழப்பு. ஜெர்மானியர் முற்றாக இழந்தவை மிகச் சில. பல பத்து வண்டிகள் சேதமடைந்தன என்றாலும் களம் அவர்கள் வசமே இருந்ததால் அவற்றை இழுத்துச் சென்று பழுதுபார்க்க முடிந்தது. ஜெர்மானிய விமானங்கள் அப்போது எடுத்த வான்படங்களை பிரிட்டிஷ் ஆய்வாளர் பென் வீட்லி 2019-ல் ஆராய்ந்து வெளியிட்டார். லைப்ஷ்டான்டார்ட் நின்ற பகுதியில் சோவியத் டாங்கிச் சிதைவுகள் கூட்டம் கூட்டமாகத் தெரிவதையும், அந்த டிவிஷன் முற்றாக இழந்தவை நான்காம் வகைப் பான்சர் டாங்கிகள் ஐந்து என்ற ஆவணக் கணக்கோடு படங்கள் ஒத்துப்போவதையும் அவர் காட்டினார்.

ஆவணத்தை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஜெர்மானிய வலிமை அறிக்கை உண்மை பேசும் ஆசையால் எழுதப்பட்டதன்று. எரிபொருள், உதிரிபாகம், பதிலி வண்டி ஆகியவற்றைக் கணக்கிட மேலிடத்துக்குத் தேவைப்பட்ட காகிதம் அது. கையில் இல்லாத டாங்கியை இருப்பதாக எழுதினால் மறுநாளே அதற்கு வேலை கொடுத்துவிடுவார்கள் என்பதால், பெருக்கி எழுதுவதில் யாருக்கும் லாபம் இல்லை. ஆயினும் அதற்கும் ஒரு சூழ்ச்சி உண்டு. பழுதுபார்க்க நெடுங்காலம் பிடிக்கும் வண்டியை ‘இழப்பு’ என்று எழுதாமல் பட்டறைக் கணக்கிலேயே வைத்திருக்கலாம். அது வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்து, பின்வாங்கும்போது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டால், அந்த இழப்பு வேறொரு மாதத்தில், வேறோர் ஊரின் பெயரில் ஏறும். ஆகவே ‘ஐந்துதான் அழிந்தன’ என்ற எண்ணைக் கேட்டு, ஜெர்மானியருக்கு அன்று ஒரு கீறலும் விழவில்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. இணையத்தில் இப்போது இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. பழைய கதையின் மிகைக்குப் பதிலாகப் புதியதொரு மிகை வந்து உட்கார்ந்திருக்கிறது.

ரோட்மிஸ்த்ரோவ் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு விடை அவருடைய கண்ணில் இல்லை. அவருடைய நிலைமையில் இருக்கிறது. ஒரே காலையில் தன் படையின் பெரும்பகுதி எரிந்துபோனதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்த இழப்புக்குக் காரணம் கேட்கக் கட்சித் தலைவர்களுள் ஒருவரான மாலென்கோவ் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவையே ஸ்டாலின் அனுப்பினார். அந்தக் காலத்தில் அப்படியொரு குழுவின் முன் நிற்பதன் பொருள் என்ன என்று சொல்லத் தேவையில்லை. எதிரியின் இழப்பும் தன் இழப்புக்கு ஈடானது, எதிரியிடம் இருந்தவை வெல்லமுடியாத டைகர்கள் என்ற இரண்டு செய்திகளும் சேர்ந்தால்தான் தளபதி தப்ப முடியும். கீழிருந்து வந்த அறிக்கைகளும் இதற்கு உதவின: ஒரே எரியும் டாங்கியை நான்கு பிரிவுகள் தத்தம் கணக்கில் எழுதிக்கொள்வது எல்லாப் படைகளிலும் நடக்கும் செயல். போர் முடிந்த சில வாரங்களில், 1943 ஆகஸ்டில், சோவியத் டாங்கிகள் தரத்தில் ஜெர்மானிய டாங்கிகளுக்குப் பின்தங்கிவிட்டன என்று அவரே சோவியத் மார்ஷல் ஜுகோவுக்குக் கடிதம் எழுதினார். வெற்றிக் கதையில் இல்லாத கசப்பு அந்தக் கடிதத்தில் இருக்கிறது. வரலாற்றுக்கு எது அதிகம் உதவும் என்றால் நான் அந்தக் கடிதத்தையே எடுப்பேன்.

தமிழ் வாசகருக்கு இது புதிய அனுபவம் அன்று. சோழர் மெய்க்கீர்த்தியைப் படிக்கும்போது ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி’ என்ற தொடருக்கு என்ன பொருள், கப்பலை அழித்தாரா, வேறு ஏதாவதா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் அந்த வரியைப் போர்ச் செய்தி அறிக்கையாக யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, அரசன் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்ள விரும்பினான் என்பதற்கான சான்றாகவே எடுக்கிறோம். தளபதிகளின் நினைவுகளுக்கும் அதே கவனம் போதும்.

இனித் தளபதியை விட்டு டாங்கிக்குள் இருந்தவரிடம் வருவோம். 1943-இன் சோவியத் டி-34 டாங்கியில் நால்வர் இருந்தனர். கோபுரத்தில் இருவருக்கு மட்டுமே இடம் என்பதால் வண்டித் தலைவரே பீரங்கியைக் குறிவைத்துச் சுடவும் வேண்டும், களத்தைப் பார்க்கவும் வேண்டும், ஓட்டுநருக்கு வழி சொல்லவும் வேண்டும். மூடியைச் சாத்திவிட்டால் உலகம் ஒரு குறுகிய பார்வைத் துளையாகச் சுருங்கிவிடும். வெளியே ஜூலை மாதத்துப் புழுதி, எரியும் டீசல் புகை, எரியும் தானிய வயல். ஐந்தாம் காவலர் டாங்கிப் படையின் வண்டிகளில் கணிசமான பங்கு டி-70 என்ற இலகு டாங்கிகள். அவற்றில் இருவர் மட்டுமே. இப்படிப்பட்ட பெட்டிக்குள்ளிருந்து எண்ணிக்கை சொல்ல எவராலும் இயலாது. எதிரே நிற்பது என்ன வகை என்பதும் தெரியாது. பக்கவாட்டில் கூடுதல் தகடுகள் மாட்டிய நான்காம் வகைப் பான்சர் தூரத்தில் பெரிதாக, சதுரமாகத் தெரிந்தது. பார்த்தவர்கள் அதை டைகர் என்றார்கள். இதில் ரஷ்யருக்கென்று தனிக் குறை ஏதும் இல்லை. அடுத்த ஆண்டு நார்மண்டியில் அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் சந்தித்த ‘டைகர்’களில் பெரும்பாலானவை அதே நான்காம் வகைதான். ஃபெர்டினாண்ட் என்ற கனரகத் தானியங்கிப் பீரங்கியின் கதை இன்னும் வேடிக்கையானது: கூர்ஸ்கில் இறங்கிய அந்த வண்டிகள் யாவும் வடக்கு முனையில், போனிரி பக்கம் போரிட்டன, தெற்கில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தெற்கில் போரிட்ட பழைய வீரர்களின் நினைவுகளில் ஃபெர்டினாண்டுகள் அடிக்கடி உருண்டு வருகின்றன. சோவியத் வீரர் பேச்சில் கோபுரமில்லாத ஜெர்மானியப் பீரங்கி வண்டி எதுவானாலும் அது ‘ஃபெர்டினாண்ட்’. பாந்தர் டாங்கிகளும் அவ்வாறே. தெற்கில் இருந்த ஏறக்குறைய இருநூறு பாந்தர்களும் பக்கத்துக் கோரான 48-ஆம் பான்சர் கோரிடம் இருந்தன, புரோகோரோவ்காவில் அல்ல.

இவ்வளவு தவறும் செய்யும் அதே சாட்சிகள்தான் எந்த வலிமை அறிக்கையிலும் இல்லாத ஒன்றைச் சொல்லிவைத்திருக்கிறார்கள். 252.2 என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட குன்றின் சரிவில் டாங்கித் தடுப்பு அகழி ஒன்று இருந்தது. அது சோவியத் படையே முன்னர் வெட்டியது. ஜெர்மானியர் அதைக் கடந்து முன்னேறிவிட்டிருந்தனர். 12-ஆம் தேதி காலையில் குன்றின் உச்சியைத் தாண்டி முழு வேகத்தில் இறங்கிய சோவியத் டாங்கிகள் தங்கள் படையே வெட்டிய அந்த அகழியை எதிர்பார்க்கவில்லை. சில அதற்குள் விழுந்தன. மற்றவை பாலம் இருந்த இடத்தை நோக்கி ஒதுங்கி நெருக்கியடித்தபோது பக்கவாட்டைக் காட்டி அடிபட்டன. எதிர்ப்புறம் ஏழு டாங்கிகளோடு ஒரு கம்பெனியை நடத்திய ரூடால்ஃப் ஃபான் ரிப்பன்ட்ரோப், ஹிட்லரின் வெளியுறவு அமைச்சரின் மகன், இதைப் பின்னாளில் விவரித்தார். ஊதா நிறப் புகைக் குறிகள் வானில் எழுந்ததும் டாங்கிகள் வருகின்றன என்ற எச்சரிக்கை அது என்று உணர்ந்ததையும், முகட்டைத் தாண்டி அலை அலையாக வந்த டாங்கிகளுக்கு நடுவே தன் வண்டி சிக்கியதையும், புழுதியில் யாரும் அடையாளம் காணாததால் அவர்களோடே அதே திசையில் ஓடிப் பின்னாலிருந்து சுட்டதையும் அவர் சொன்னார். கேட்கும்போது சினிமாக் காட்சி போலத்தான் இருக்கும். ஆனால் அகழி வான்படத்தில் இருக்கிறது. சிதைவுகள் அதன் ஓரமாகவே குவிந்திருக்கின்றன. அன்றைய தாக்குதல் அங்கே உடைந்தது என்பதற்கு சோவியத் தரப்பிலும் ஆதாரம் உண்டு. மூன்று வெவ்வேறு வழிகளில் வந்த செய்தி ஒரே இடத்தில் வந்து கூடுகிறது. சோவியத் இழப்பான முந்நூறுக்கும் மேற்பட்ட டாங்கிகள் என்ற எண் எப்படி உண்டாயிற்று என்று விளக்குவது அந்த அகழிதான். அதன் விளிம்பில் என்ன நடந்தது என்பதைச் சொல்பவர் அங்கே இருந்தவர்தான்.

அதற்காக அந்த ஜெர்மானியச் சாட்சியை முழுமையாக ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று பொருள் இல்லை. அவர் எஸ்.எஸ். அதிகாரி, நிதானமான, துல்லியமான நடையில் தொழில்நுட்பம் பேசுவது அந்த வகை நினைவுகளின் இயல்பு, டாங்கிச் சண்டைக்கு வெளியே அதே அமைப்பு செய்தவை அந்த நடையில் இடம்பெறுவதில்லை. ஒரு சாட்சியத்தில் சொல்லப்பட்டது சரியா என்று பார்ப்பது பாதி வேலை. எது சொல்லப்படவில்லை என்று பார்ப்பது மீதிப் பாதி. இதற்கு மான்ஸ்டைனைவிடப் பெரிய எடுத்துக்காட்டு தேவையில்லை. கூர்ஸ்கில் தெற்கு முனையில் வெற்றி கைக்கெட்டிய நேரத்தில் ஹிட்லர் தாக்குதலை நிறுத்திவிட்டார் என்ற அவருடைய வாதம் மேற்கில் நெடுநாள் வரலாறாகவே நிலவியது. 1941 நவம்பர் 20 அன்று தாம் கையெழுத்திட்ட, யூதர்களை ஒழிப்பதை நியாயப்படுத்திய ஆணையைப் பற்றி அவருடைய போர் நினைவுகளில் ஒரு சொல்லும் இல்லை. அந்த ஆணையை 1949-இல் ஹாம்பர்கில் பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் அவர் எதிர்கொண்டார். அதே காலத்தில் அமெரிக்கத் தரைப்படையின் வரலாற்றுப் பிரிவு, ஹிட்லரின் முன்னாள் தலைமைப் படையதிகாரி ஹால்டரின் மேற்பார்வையில், நூற்றுக்கணக்கான ஜெர்மானிய அதிகாரிகளைக் கொண்டு போர் அனுபவங்களை எழுத வைத்தது. அடுத்த போர் சோவியத் ஒன்றியத்தோடு என்று எண்ணிய அமெரிக்கருக்குத் தந்திரக் குறிப்புகள் தேவைப்பட்டன. எழுதியவர்களுக்குத் தங்கள் பெயரைக் கழுவிக்கொள்ள ஒரு மேடை கிடைத்தது. பல பத்தாண்டுகள் ஆங்கிலத்தில் கிழக்கு முனையைப் படித்தவர்கள், தோற்றவர்கள் எழுதிய வரலாற்றையே படித்தார்கள் என்பது இந்தப் போரின் விசித்திரங்களில் ஒன்று. வென்றவரே வரலாறு எழுதுகிறார் என்று எதற்கெடுத்தாலும் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

எப்போது சொன்னார் என்பதும் யாரிடம் சொன்னார் என்பதும் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு ஸ்டாலின்கிராட் நல்ல சான்று. வரலாற்றாசிரியர் ஐசக் மின்ட்ஸ் தலைமையில் இயங்கிய குழு ஒன்று, 1942-இன் இறுதியிலும் 1943-இன் தொடக்கத்திலும், சண்டை இன்னும் முழுமையாக ஓயாதபோதே அங்கே சென்று, தளபதி முதல் செவிலி, தொழிலாளி வரை இருநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் பேசிச் சுருக்கெழுத்தில் பதிவு செய்தது. வெற்றி விழாச் சொற்கள் உருவாகும் முன்னரே எடுத்த பதிவுகள் அவை. 62-ஆம் படையின் தளபதி சுய்கோவ், பின்வாங்கிய அதிகாரிகளைத் தாமே சுட்டுக்கொன்றதை அங்கே தயக்கமில்லாமல் சொல்கிறார். பயம், வெறி, களைப்பு, கட்சிப் பற்று எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. ஸ்டாலின் காலத்து வரலாற்றுக்குத் தனித்தனி மனிதர்களின் இப்படிப்பட்ட குரல்கள் தேவைப்படவில்லை என்பதால் அந்தக் காகிதங்கள் பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்தன. ஜெர்மானிய வரலாற்றாசிரியர் யோகென் ஹெல்பெக் 2012-இல் அவற்றை நூலாக்கிய பிறகே வெளியுலகம் பரவலாகப் படிக்க முடிந்தது. இதே ஆட்கள் முப்பது ஆண்டு கழித்து மே 9 வெற்றி விழா மேடையில் பேசியதோடு ஒப்பிட்டால், ஒரே வாய் இரண்டு போர்களைப் பற்றிப் பேசுவது போல் இருக்கும்.

கடிதம் இன்னும் உடனுக்குடன் எழுதப்படுவது. ஆகவே இன்னும் நம்பத்தக்கது என்று தோன்றும். ஆனால் அதைத் தணிக்கையாளர் படிப்பார் என்று எழுதுபவருக்குத் தெரியும். தாய் படித்து அழுவாள் என்பதும் தெரியும். இரண்டாவது தணிக்கை முதலாவதைவிடக் கடுமையானது. முதல் உலகப் போரில் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படைவீரர்களின் கடிதங்கள் இதை நுட்பமாகக் காட்டுகின்றன. 1914 இலையுதிர்காலத்தில் லாகூர், மீரட் டிவிஷன்கள் மார்சேயில் இறங்கின. அவர்களுடைய அஞ்சலைப் படிக்க அதிகாரி ஹோவெல் தலைமையில் ஒரு தணிக்கை அலுவலகம் அமைந்தது. கடிதங்களில் பலவற்றை எழுத்தறிந்த ஒருவர் மற்றவருக்காக எழுதினார். அலுவலகம் அவற்றிலிருந்து பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்தது. மூலங்கள் பெரும்பாலும் போய்விட்டன. ஆக நம் கைக்கு வருவது சொன்னவர், எழுதியவர், பெயர்த்தவர், தேர்ந்தெடுத்தவர் என நான்கு கைகளைக் கடந்த குரல். அப்படியிருந்தும் அந்தக் குரல் கேட்கிறது. கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, இப்போது சிவப்பு மிளகாயைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஊருக்கு எழுதினார்கள். கறுப்பு இந்தியச் சிப்பாய், சிவப்பு வெள்ளைக்காரச் சிப்பாய். தணிக்கையாளருக்கும் இது விளங்கியது, ஆகவேதான் அது கோப்பில் ஏறியது. மகாபாரதப் போரோடு ஒப்பிட்டு எழுதியவர்களும் இருந்தார்கள். பிரான்சின் நவ் ஷாப்பெல் சண்டையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை இந்தக் கடிதங்களிலிருந்து கணக்கிட முடியாது. 1915-இல் அந்தப் படையின் மனநிலை எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதற்கு இவற்றைவிட நல்ல ஆதாரம் இல்லை.

சாட்சியம் திரட்டுபவரையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க இராணுவ எழுத்தாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல், சண்டை முடிந்த கையோடு ஒரு கம்பெனி முழுவதையும் உட்காரவைத்து, ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்தும்படி பேசவைத்து நிகழ்வுகளை மீட்டெடுத்தார். முறை சிறந்தது, இன்றும் பின்பற்றத்தக்கது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படையினரில் 15 முதல் 25 விழுக்காட்டினரே துப்பாக்கியைச் சுட்டனர் என்று 1947-இல் அவர் அறிவித்த புகழ்பெற்ற கணக்குக்கு அந்தப் பேட்டிகளில் அடிப்படையே தென்படவில்லை என்று 1988-இல் ரோஜர் ஸ்பில்லர் காட்டினார். நூற்றுக்கணக்கான நேரடிச் சாட்சிகளோடு பேசியவர் என்ற பெயரே அந்த எண்ணுக்கு நாற்பது ஆண்டுக்கால ஆயுளைக் கொடுத்தது.

நேரடிச் சாட்சியே இல்லாமல் வளரும் கதைக்கு நம் ஊரிலேயே ஒன்று உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. ‘எம்டன்’ என்ற சொல் அன்றே தமிழுக்குள் வந்து, எமகாதகனுக்கு மறுபெயராகத் தங்கிவிட்டது. அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பதை நம்மில் பலர் பள்ளிப் பருவத்திலிருந்து கேட்டிருக்கிறோம். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்து இந்திய விடுதலைக்காகச் செயல்பட்டுக்கொண்டிருந்தார். அவர் கப்பலில் இருந்தார் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். செண்பகராமனின் உண்மை வாழ்க்கையே போதிய துணிச்சல் நிறைந்தது, கப்பல் கதையின் துணை அதற்கு வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

போர் நினைவு ஒன்றைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது அவர் நின்ற இடத்தை. அடுத்து, ஆண்டு: நடந்த மாதத்தில் சொன்னதா, முப்பது ஆண்டு கழித்து, இடையில் படித்ததும் பார்த்ததும் கலந்த பிறகு சொன்னதா? எண்ணிக்கையும் ஆயுத வகையும் வரும் இடங்களைப் பென்சிலால் கோடிட்டு ஒதுக்கிவைப்பேன். அவற்றைப் படைப்பிரிவின் நாட்குறிப்போடும், முடிந்தால் எதிரியின் நாட்குறிப்போடும் ஒப்பிட்ட பிறகே பயன்படுத்தலாம். ஒரு படையின் இழப்பை அந்தப் படையின் கணக்கிலிருந்தே எடுக்க வேண்டும், எதிரி சொன்ன கணக்கிலிருந்து ஒருபோதும் எடுக்கக்கூடாது; இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்திருந்தாலே புரோகோரோவ்காக் கதை 1943-இலேயே பாதியாகச் சுருங்கியிருக்கும். மாறாக, வாசனை, ஒலி, தாகம், வழி தவறியது, உத்தரவு வந்து சேராதது, பக்கத்தில் இருந்தவர் என்ன செய்தார் என்பன போன்ற, பெருமைக்கு உதவாத சிறு விவரங்களை நான் எளிதில் நம்பிவிடுவேன். அவற்றைப் புனைய யாருக்கும் பெரிய காரணம் இருப்பதில்லை. ஒருவர் தனக்கே அவமானம் தருவதைச் சொன்னால் இன்னும் எளிதில் நம்புவேன்.

கடைசியாக, யார் வென்றார் என்ற கேள்வியின் மிச்சம். ஜூலை 12 மாலையில் பார்த்தால் சோவியத் தாக்குதல் பேரிழப்போடு முறிந்திருந்தது. லைப்ஷ்டான்டார்ட் தன் இடத்தில் நின்றது. ஆனால் ஜெர்மானியரும் புரோகோரோவ்கா நிலையத்தைப் பிடிக்கவில்லை. ஜூலை 10-இலேயே நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கியிருந்தன. 13-ஆம் தேதி ஹிட்லர் தாக்குதலை நிறுத்த முடிவெடுத்தார். 17-ஆம் தேதி மியூஸ், தோனெட்ஸ் ஆறுகளின் பக்கம் புதிய சோவியத் தாக்குதல்கள் தொடங்க, எஸ்.எஸ். கோர் களத்திலிருந்து விலக்கப்பட்டது. அவர்கள் விட்டுப் போன வெளியில் சோவியத் வீரர்கள் திரும்ப வந்து நடந்தபோது, அங்கே நூற்றுக்கணக்கில் டாங்கிகள் எரிந்து கிடந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் எரிந்த டாங்கி எல்லாம் ஒரே நிறம். அன்று அந்த வெளியைக் கடந்து மேற்கே போன ஒரு காலாட்படை வீரர், கண்ணுக்கெட்டிய தூரம் டாங்கிகள் எரிந்து கிடந்தன என்று பிற்காலத்தில் தம் பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால், அவர் சொன்னது முழு உண்மை. அவை யாருடைய டாங்கிகள் என்பதை மட்டும் ஐந்தாம் காவலர் டாங்கிப் படையின் இழப்புப் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.